திருப்புலிவனத்துக்கு அத்தையை அழைத்துப் போகாத நாள்

பிள்ளைகளே,

உங்கள் அத்தை நம்மை விட்டுப் போய், வருகிற மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. "திதிக் கடுதாசிய நீங்களே எழுதுங்கப்பா" என்று மூத்தவன் சொல்லிவிட்டான். நான் ஐந்தாவதோடு நிறுத்தியவன். எழுத்துப் பிழை இருந்தால் அவன் திருத்திக்கொள்ளட்டும்; விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அத்தை பிறந்தது திருமுக்கூடலுக்குப் பக்கத்தில். எனக்கு ஆறு வயது மூத்தவர். எங்கள் அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டிச் சோறு போட்டவர் அவர்தான். நடவுக்கு இறங்கினால் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஆள் கிடையாது. கட்டிக்கொடுத்த இடத்திலும் நன்றாகத்தான் இருந்தார். ஒரு நாள் கொதிக்கிற சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கிவைத்தார். கை வெந்துபோனது, அவருக்குச் சுடவில்லை. அந்த வீட்டார் அதைப் பார்த்துவிட்டார்கள். மறுவாரமே துணி மூட்டையோடு நம் வாசலில் வந்து நின்றார். பெருவியாதி, குஷ்டம் என்று ஊர் சொல்லிவிட்டது.

நான் உள்ளே கூப்பிட்டேன். அவர் வரவில்லை.

"கொல்லையில ஒரு கொட்டாய் போட்டுக் குடு தம்பி. புள்ளைங்க கீற வூடு இது."

போட்டுக் கொடுத்தேன். நம் பின்வாசலிலிருந்து பத்தடி இருக்கும். தட்டு, குவளை, தண்ணீர்ப் பானை எல்லாம் அவருக்குத் தனி. மாத்திரை வாங்க உத்திரமேரூருக்கு நடந்தே போவார். பஸ்ஸில் ஏற மாட்டார். எட்டு வருஷம் இப்படிப் போயிற்று. நீங்கள் விழுந்து எழுந்ததெல்லாம் அவர் கண்ணெதிரில்தான். ஒரு நாளும் உங்களை அவர் கையால் தொட்டதில்லை. அப்பொழுதெல்லாம் நீங்கள் அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருக்கலாம்.

அப்புறம் சின்னவளின் கன்னத்தில் வெளிறின படை ஒன்று வந்தது. உங்கள் அம்மா அடுப்பு மூட்டவில்லை. நான் வேலைக்குப் போகவில்லை. அத்தை கொட்டாய் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு என்னால வந்திருந்தா மறைக்காம சொல்லிடு தம்பி. அப்புறம் நான் இங்க இருக்க மாட்டேன். என்னைத் தேடிக்கினு வராத."

இரண்டாம் நாள், பெருவியாதி ஆஸ்பத்திரி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். உங்களை வரிசையாக நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் உடம்பில் அங்கங்கே தொட்டார். தொட்ட இடத்தை நீங்கள் விரலால் காட்ட வேண்டும். நடுவில் உள்ளவன் நெளிந்தான்.

"கூசுது சார்!"

"கூசட்டும்டா. கூசலன்னாதான் பேஜாரு."

கடைசியில் சின்னவள். கன்னத்துப் படையின்மேல் இறகு பட்டதும் அவள் அதே இடத்தில் விரலை வைத்தாள். "இங்கதான். கண்ணைத் தொறக்கட்டுமா?" என்றாள்.

"தேமல்மா இது. வயித்துப் பூச்சிக்கு மருந்து குடுங்க, போயிடும்" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு கொட்டாயைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இன்னாம்மா அங்கயே நின்னுக்கினு கீற? உன் காதுல கீறி எடுத்து டெஸ்ட் பண்ணதுல மூணு தபாவும் கிருமி இல்ல. உன்னாண்டருந்து இனிமே யாருக்கும் ஒட்டாது. போய் எல்லாரோடயும் ஒக்காந்து துன்னு."

உங்கள் அம்மா வாய்விட்டு அழுதாள். திருப்புலிவனம் கோயிலில் பொங்கல் வைப்பதாக அங்கேயே வேண்டிக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை பக்கத்து வீட்டு வண்டியை வாங்கிக்கொண்டு போனோம். வழியெல்லாம் உங்கள் பாட்டும் சண்டையும்தான். அப்படி ஒரு சந்தோஷம் நம் குடும்பத்துக்கு அதற்குப் பிறகு வந்ததா என்று தெரியவில்லை.

அர்ச்சனை முடிந்து குருக்கள் விபூதித் தட்டோடு வந்தார்.

"உடம்பு நல்லானது யாரு? அவாளை முன்னாடி வரச் சொல்லுங்கோ."

நாங்கள் வழி விட்டு விலகி நின்றோம். முன்னால் வர யாரும் இல்லை. உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அத்தையை வேண்டுமென்று விட்டுவிட்டு வரவில்லை. எட்டு வருஷமாக எங்கே போனாலும் அவரை விட்டுவிட்டுத்தான் போவோம். அன்றைக்கும் அப்படியே வண்டி ஏறிவிட்டோம். "அத்தை வூட்ல கீறாங்க" என்று சின்னவள்தான் குருக்களுக்குப் பதில் சொன்னாள்.

திரும்பி வந்தபோது அத்தை கொட்டாய் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். "கூட்டமா?" என்று கேட்டார்.

"மன்னிச்சிடுங்க அண்ணி" என்று உங்கள் அம்மா தடுமாறினாள்.

"எதுக்கும்மா? எனக்கும் சேத்துத்தான் கும்புட்டிருப்பீங்க."

"நாளைக்கே திரும்பப் போலாம் அக்கா" என்றேன்.

"வண்டி மாட்டுக்கு இன்னா வேண்டுதலா? பாவம், ஒரு நாள் உடு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை.

அன்று சாப்பாட்டுக்கு உள்ளே வந்தார். ஆனால் கதவோரமாகத் தள்ளித்தான் உட்கார்ந்தார். கிட்ட வரச் சொன்னதற்கு, "கிட்ட வந்தா கைய எங்க வெக்கிறதுன்னு தெரியல தம்பி" என்றார். சாப்பிட்டதும் சின்னவள் போய் அவர் மடியில் படுத்துவிட்டாள். அத்தை இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, அவள் எழுந்திருக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசிவரை கொட்டாயை விட்டு அவர் வரவில்லை. நாங்களும் ரொம்ப வற்புறுத்தவில்லை. அதையும் எழுத வேண்டும். போன மாசியில் நான்கு நாள் ஜுரம். நாங்கள் அறுப்புக்குப் போயிருந்த ஒரு காலையில், பக்கத்தில் யாரும் இல்லாமல் போய்விட்டார்.

வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த இன்ஸ்பெக்டருக்கும், வண்டி கொடுத்தவருக்கும், கூசாமல் பாடைக்குத் தோள் கொடுத்த நான்கு பேருக்கும் நம் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் உடம்பில் ஒன்றும் இல்லை என்றதற்கு நன்றி சொல்ல வண்டி கட்டிக்கொண்டு அத்தனை தூரம் போனோம். உங்களுக்கு வரக்கூடாது என்று எட்டு வருஷம் ஒதுங்கி இருந்தவர் பத்தடியில் இருந்தார். அவருக்கு நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

திதிக்கு வருகிற உறவினர்களும் நண்பர்களும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். பந்தியில் யாரும் தள்ளித் தள்ளி உட்கார வேண்டாம். நெருங்கி உட்காருங்கள்.

உங்கள் அப்பா