எங்கள் டிரக்குக்கு யாரோ கரண்ட் கொடுத்திருக்கிறார்கள்

இன்று காலை ஜன்னல் திரையை விலக்கினால், எங்கள் டிரக்கின் முன்பக்கத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஒயர் தொங்குகிறது!

பனி மேல் ஊர்ந்து நேராகப் பக்கத்து வீட்டு கராஜுக்குள் போகிறது.

(குழுவுக்குப் புதியவர்களுக்கு: போன கோடையில்தான் டெக்சாஸ் ஆலனிலிருந்து நியூஜெர்சி வந்தோம். அங்கே வாங்கிய பழைய டீசல் டிரக்கையும் விடாமல் ஓட்டிக்கொண்டு வந்தார் என் கணவர் ராபர்ட்.)

இந்தக் குளிரில் அது லேசில் ஸ்டார்ட் ஆகாது. இன்றைக்குப் பார்த்து நெவார்க்கில் கிரீன் கார்டு இன்டர்வியூ. தவறவிட்டால் மறுபடி எத்தனை மாதம் காத்திருக்க வேண்டுமோ!

பக்கத்து வீட்டு ஸ்டான் எங்களைப் பார்த்து ஒரு நாளும் சிரித்ததில்லை. டிரக்கைப் பார்த்தால் முகம் இன்னும் கடுகடுக்கும்.

முதலில் நம் கரண்டைத் திருடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் கரண்ட் அவர் வீட்டிலிருந்து அல்லவா வருகிறது? அப்படியானால் வண்டியைக் கொளுத்தத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ராபர்ட் குனிந்து பார்த்தார். பம்பருக்குப் பின்னால் ஒரு பிளக் சுருட்டிக் கட்டியிருக்கும். எதற்கென்று டெக்சாஸில் யாருக்கும் தெரியவில்லை. அதில்தான் ஒயரைச் சொருகியிருக்கிறார்கள்.

"இன்ஜினை சூடு பண்ற ஹீட்டர் போலிருக்குடி. ராத்திரியே மாட்டிட்டுப் போயிருக்கார்."

"அவருக்கு என்ன நம்ம மேல அக்கறை? முதல்ல பிடுங்குங்க."

பிடுங்கிவிட்டுச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது!

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கேட்காமலே தன் கரண்டை யாராவது அடுத்தவருக்குக் கொடுப்பார்களா? (நான் கொடுக்க மாட்டேன்.)

ஒயரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் காரணத்தைக் கேட்டு வரச் சொல்லி ராபர்ட்டை அனுப்பினேன். வரும்போது சிரிப்பை அடக்க முடியாமல் வந்தார்.

"தினமும் விடியறதுக்கு முன்னாடி நாம அரை மணி நேரம் செல்ஃப் அடிக்கிறோமாம். 'எனக்குத் தூங்கணும், அவ்வளவுதான்'னு சொல்லிட்டு கதவைச் சாத்திட்டார்."

இன்டர்வியூவுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம், நல்லபடியாக முடிந்தது.

நாளைக்கு அவருக்குக் கொஞ்சம் மெதுவடை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எதற்காகக் கொடுக்கிறாள் என்று சந்தேகப்படாமல் வாங்கிக்கொள்வாரா? அமெரிக்கர்களோடு பழகியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.