மிச்சம் வைத்த கடைசிப் பிரேம்

1. கேமரா தேடியது

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. போர்வெல் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றினேன். பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன். பிறகு மதுரைக்கே திரும்பி, கல்யாண வீடுகளில் வீடியோக்காரருக்கு லைட் பிடித்தேன். இப்போது மாப்பிள்ளையும் பெண்ணும் பிலிமில் நாலு படம் வேண்டும் என்கிறார்கள். அதனால் நானும் ஒரு பிலிம் கேமரா தேடினேன்.

கோரிப்பாளையத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் மூன்றைக் காட்டினார். ஒன்றில் லென்ஸுக்குள் பூஞ்சை. ஒன்றில் ஷட்டர் சிக்கியது. இன்னொன்று பேட்டரி இல்லாமல் ஓடாது.

"இதெல்லாம் ஒனக்கு ஆகாது மாப்ள. கே.கே. நகர்ல ஒரு வாத்தியாரு தன்னோடத விக்கிறாராம். போய்ப் பாரு."

வாத்தியார் மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் மூவரும் வெளியூர். ஹால் சுவர் முழுக்க அந்தப் பிள்ளைகளின் படங்கள்.

"எதுலயும் நீங்க இல்லையே சார்?"

"எடுக்கறவன் எப்படிய்யா உள்ள இருப்பான்?"

கேமரா முழுக்க மெக்கானிக்கல். பிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தேன். இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழும் கூடவே சுற்றியது. உள்ளே ரோல் இருக்கிறது என்று அர்த்தம்.

"கொஞ்சம் எடுத்திருக்கேன். மிச்சத்துல நீ பழகிக்க. கடைசி ஒண்ண மட்டும் விட்டு வை. அது எனக்கு."

"எப்ப சார் எடுக்கணும்?"

"சொல்லி விடுவேன்." பணத்தை வாங்கிக்கொண்டு என் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

2. அந்த ஒரு படம்

விளாங்குடிப் பக்கம் வயல்களிலும் வைகை மணலிலும் சுற்றிப் பழகினேன். போகஸ் வைத்தால் வெளிச்சம் தப்பும். வெளிச்சம் சரியானால் கை ஆடும். கடைசிப் பிரேம் வந்ததும் கேமராவைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.

ஒரு காலையில் போன் வந்தது. பெண் குரல்.

"அண்ணே, அப்பா தவறிட்டாங்க. ஒங்ககிட்ட ஒரு படம் மிச்சம் இருக்கு, அதைத்தான் எடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க."

"இந்தா வாரேன்மா."

வாத்தியாரைச் சவப்பெட்டியில் வைத்திருந்தார்கள். அடக்கத்துக்கு முன் பெட்டியைச் சுற்றிக் குடும்பமாகப் படம் எடுப்பது அவர்கள் வழக்கம். வாசலில் ஷாமியானா போட்டிருந்ததால் ஹால் இருட்டு. என்னிடம் பிளாஷ் இல்லை.

"எங்க மூணு பேரோடயும் அப்பா இருக்கற படம் ஒண்ணுகூட இல்லண்ணே," என்றாள் மகள். "கெடுத்துராதீங்க."

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, இருட்டுக்காக ஷட்டர் அரை செகண்ட் திறந்திருக்கும்படி வைத்தேன்; அதற்குள் யார் அசைந்தாலும் கலங்கிவிடும். எங்கே நிற்பது என்று நான் சொல்வதற்குள் மகள் இடப்பக்கமும் அண்ணன்கள் இருவரும் வலப்பக்கமும் போய் நின்றார்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அழுத்தினேன்.

3. கழுவியபோது

பாய் கடையின் பின்னறையில் பிலிமைக் கழுவினோம். ஈர நெகட்டிவை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்த பாய் அதை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் பார்த்தேன்.

ரோலின் தொடக்கத்தில் அதே ஹால். நடுவில் ஒரு நாற்காலியில் வாத்தியார், டைமர் வைத்துத் தன்னைத்தானே எடுத்திருக்கிறார். இடப்பக்கம் ஒரு காலி நாற்காலி. வலப்பக்கம் இரண்டு. கடைசிப் பிரேமில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் பெட்டி இருந்தது, காலி நாற்காலிகளின் இடத்தில் பிள்ளைகள்.

"இது செத்தப்புறம் எடுத்ததா மாப்ள?"

"என்ன பாய் பேசுறீங்க? ரோல்ல மொதல்ல கெடக்கே."

"அப்ப யாரு எங்க நிப்பாங்கன்னு மனுசனுக்கு எப்புடித் தெரியும்?"

நெகட்டிவைக் கொடியில் காயப் போட்டேன்.

இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். பெட்டிப் படத்தில் அழுகையை அடக்கி நின்ற மூவரும் ஆடியிருந்தார்கள், முகங்கள் புகை. வாத்தியாரின் கண்ணிமை மயிர்கூடத் தெளிவு. அரை செகண்டில் ஆடாமல் இருக்க இறந்தவரால்தான் முடிந்தது. படம் கெட்டுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நாங்கதான் பேய் மாதிரி இருக்கோம்," என்றாள் மகள். "அப்பா நல்லா இருக்காங்க."

இன்னொன்றை எடுத்தாள். அதில் நாற்காலிகள் கண்ணாடி மாதிரித் தெளிவு. வாத்தியார் முகம் மட்டும் இழுபட்டுக் கலங்கியிருந்தது. ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் தலையைத் திருப்பியிருக்கிறார், இடப்பக்கத்துக் காலி நாற்காலியை நோக்கி.

"நான் நின்ன எடம்," என்றாள். "அண்ணே, இதையே பெருசாப் போட்டுக் குடுங்க."

"முகமே தெரியலையேம்மா."

"அசையுறாங்கள்ல. அது போதும்."

பெட்டிப் படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். கலங்கிய படம் அந்த ஹால் சுவரின் நடுவில் இருக்கிறது.

முதல் கேமரா எது வாங்கலாம் என்று கேட்டு இப்போது சிலர் என்னிடம் வருகிறார்கள். லென்ஸைப் பார், ஷட்டர் சத்தத்தைக் கேள் என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்வேன். கூடவே ஒன்று: பின்மூடியைத் திறக்குமுன் லீவரை மெல்ல இழுத்துப் பார். குமிழ் சுற்றினால் திறக்காதே, வெளிச்சம் பட்டு உள்ளே இருக்கும் படங்கள் அழிந்துவிடும். உள்ளே ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கலாம்.