தொண்ணூறு நிமிடம் பொறுத்த மணி

கிளிட்டசுக்கு இருபது வயது. இடதுகால்காரன். ஆலந்தலைக்குத் தெற்கே, கோயிலும் மைதானமும் கடலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும் ஒரு சின்ன ஊர் அவனுக்கு. பந்து உதைக்காத பையனை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் இடது ஓரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு அவன் கிளம்பிவிட்டால், பின்னால் மூன்று பேர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். பள்ளி அணி, மாவட்ட லீக் என்று ஏறி ஏறி, இந்த வருஷம் சென்னையில் சீனியர் டிவிஷன் ஆடும் கிளப் ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது. வேறு ஊராக இருந்தால் பிளக்ஸ் போர்டு வைத்திருப்பார்கள். இந்த ஊரில் அந்தப் பேச்சை எடுத்தாலே ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

அவனுடைய அப்பா தொம்மை, தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுக்குப் போகிறவர். மகன் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் அவர் கடலில் இருப்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு, "சொல்லுல" என்பார். முதல் விசிலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கேயாவது சுருக்கினால், "பொறவு?" என்பார். பந்து அவுட் போனதைக்கூட விடமாட்டார். அதற்கும் ஒரு "பொறவு?" உண்டு. மகனுக்குச் சில நேரம் எரிச்சலாக வரும். "ஜெயிச்சோம், அவ்வளவுதான்" என்று எழுந்திருக்கப் பார்ப்பான். விட்டால்தானே.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்காரர் யார் இறந்தாலும், எங்கே இறந்தாலும், செய்தி வந்த கையோடு கோயில் மணியை அடித்துவிட வேண்டும். மணி கேட்டால் கிழிந்த வலையைப் பொத்துகிறவர் ஊசியைக் கீழே வைத்துவிடுவார். கல்யாண வீட்டு மைக்செட் நிற்கும். மைதானத்தில் பந்து நிற்கும். ஒரு வருஷம் அரையிறுதியில் பெனால்டி அடிக்க ஒருவன் ஓடி வரும்போது மணி கேட்டு, மறுவாரம் அந்தப் பெனால்டியிலிருந்தே ஆட்டத்தை ஆரம்பித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு ஊர் மைதானத்தில் இறுதிப்போட்டி. ஊர் அணியின் கோச் மாரிராஜ் சொல்லி, கிளிட்டசைச் சேர்க்கலாமா என்று பார்ப்பதற்கென்றே சென்னை கிளப்பிலிருந்து ஒருவர் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் நன்றாகத்தான் வந்திருந்தது, ஆனால் சத்தம் இல்லை. கிளிட்டஸ் முதல் கோல் போட்டான். ஒருவரும் கைதட்டவில்லை. நாம்தான் மோசமாக ஆடுகிறோம் போலிருக்கிறது என்று நினைத்து, பைத்தியக்காரன் மாதிரி ஓடினான். இரண்டாவது கோலும் விழுந்தது. அதற்கும் சத்தம் இல்லை. கடைசி விசில் ஊதி முடிக்கும் முன்னே கோயில் மணி அடித்தது.

"யாருல செத்தது?" என்று பக்கத்தில் நின்ற வியான்னியைக் கேட்டான். சிறுவயதிலிருந்தே ஒரே அணியில் ஆடி, அவனுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கிறவன் வியான்னி. அவன் அழுதுகொண்டிருந்தான்.

தொம்மை அன்று மதியமே நெஞ்சுவலி வந்து படகிலேயே போய்விட்டார். ஆட்டம் தொடங்கும் முன்பே ஊருக்குச் செய்தி வந்துவிட்டது. மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். வியான்னிக்கு இடைவேளையில் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்தவனுக்குத்தான் தெரியாது.

அடக்கத்தில் அவன் அழவில்லை. சென்னைக்குப் போன பிறகும் அழுகை வரவில்லை. வேளைக்குச் சாப்பிட்டான், உப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஓடச் சொன்னால் ஓடினான், நிற்கச் சொன்னால் நின்றான். பயிற்சி ஆட்டங்களில் நாலு கோல் போட்டான், ஒன்றுக்கும் கையைத் தூக்கவில்லை. "பதற்றமே இல்லாத பையன்" என்று புதிய கோச் மெச்சினார். பதறுவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை என்று அவனுக்குத்தான் தெரியும். உயிரோடு இருந்தது ஒரே ஒரு கேள்விதான். மணியைப் பிடித்து வைத்தது யார்? சென்னைக்காரரைக் கூட்டி வந்த மாரிராஜ் சாராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, அவர் போன் செய்தால் எடுப்பதையே விட்டுவிட்டான்.

நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்கு ஊருக்கு வந்தபோது பெட்டி, பூட்ஸ் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். திங்கட்கிழமை கிளப்புக்கு முதல் லீக் ஆட்டம், முதல் பதினொரு பேரில் அவன் பெயர் இருந்தது. அப்பாவுக்கு அடிக்க வேண்டிய மணியை நிறுத்தி வாங்கிய இடம் அது. அது நமக்கு வேண்டாம், வியான்னியோடு படகுக்குப் போய்க்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம்.

பூசை முடிந்ததும் நேரே மணிக்கூண்டுக்குப் போனான். மணியடிக்கும் அருமைநாயகம் அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு மணியடிக்காதீங்கன்னு சொன்னது யாரு? மாரிராஜ் சாரா?"

"அவரப் போயி சொல்லுதியே. ஆட்டத்த நிப்பாட்டணும்னு ஒத்தக்கால்ல நின்னாருல அவரு." அருமைநாயகம் அவன் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்தார். "உங்க வீட்டுல போயிக் கேளு."

வீட்டில் அம்மா செலஸ்தீனா, பூசைச் சாப்பாட்டுக்கு விரித்த பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டதும் கையை நிறுத்தவில்லை.

"நாந்தான் சொன்னேன்."

அவள் அடுத்த பாயை இழுத்துச் சுருட்டினாள்.

"நீ ஆடி முடிக்கட்டும்னு சொன்னேன். ஊரே வந்து வாசல்ல நின்னுச்சு. ஒருத்தரையும் அழ விடல. நான் கத்துனா உனக்குக் கேட்டுரும்லா? கதவச் சாத்திக்கிட்டு, முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு இங்கனதான் கெடந்தேன். ஒவ்வொரு விசிலா கேட்டுக்கிட்டு."

வீட்டுக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். இடது ஓரமாக அவன் எத்தனை தடவை அந்தச் சுவரை ஒட்டி ஓடியிருப்பான் என்பது நினைவுக்கு வந்தது.

"அது அப்பாவோட மணிம்மா."

"ஆமா. தப்புதான்," என்றாள். "எனக்கு அப்ப வேற ஒண்ணும் தோணல."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. ஒன்றும் வரவில்லை. அம்மா கடைசிப் பாயையும் சுருட்டிச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு கோல் போட்டியாமே. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல. எப்படில போட்ட?"

"ஜெயிச்சோம். அவ்வளவுதான்."

"மொதல்லருந்து சொல்லு."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தான். அந்த ஆட்டத்தை அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முதல் விசில், காற்று எந்தப் பக்கம் இருந்தது, அவுட் போன பந்து, வீணாய்ப் போன இரண்டு கார்னர், வியான்னி தலைக்கு மேலே தூக்கிப் போட்டது, முதல் கோல் என்று, ரயில் நேரம் வாசிக்கிற குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னான். அம்மா குறுக்கே பேசவில்லை. இரண்டாவது கோலுக்கு வந்தான். பேக் ஆளை வெட்டிக்கொண்டு உள்ளே வந்ததையும், கீப்பர் விழுந்ததையும் சொன்னான். வலைக்குள் பந்து போனதும் திரும்பி ஊரைப் பார்த்தானே, ஒரு வாய்கூடத் திறக்காமல் அத்தனை பேரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்களே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டான்.



"பொறவு?" என்றாள்.

நாற்பத்தொரு நாளாக வராதது அப்போது வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டுக் கதறினான். சத்தம் சுவரைத் தாண்டி மைதானத்துக்குப் போயிருக்கும். அம்மாவும் இந்தத் தடவை முந்தானையைத் தேடவில்லை. இரண்டு பேரும் மனசு தீர அழுதார்கள்.

வெயில் சாய்ந்த பிறகு அவள் எழுந்து அவனுடைய பூட்ஸை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"திங்கக்கெழம ஆட்டம் முடிஞ்சதும் போன் போடு," என்றாள். "மொத விசில்லருந்து சொல்லணும்."

"சரிம்மா," என்றான்.