குமிழைத் திருப்பிய கை

ஞானமுத்து அண்ணன் காலமானார் என்ற செய்தி கைப்பேசியில் வந்தபோது நான் நம்பவில்லை. தெரியாத எண். இப்போதெல்லாம் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அடுத்த வரியில் பணம் அனுப்பச் சொல்வார்கள். காலை செபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் வீட்டுக்கு அழைத்தேன். அவர் மனைவி ரோசலின் அண்ணி எடுத்தார்.

“உண்மதான் லூர்து. மவன் புது நம்பர்லருந்து போட்டான்” என்றார். அழுகைக்கு நடுவே, “நீ போன் போட்டு செக் பண்ணுவன்னு தெரியும்” என்றும் சொன்னார்.

நம் சிம்பாங் ரெங்கம் ஊர்க் கோயிலில் பூசைக்கு முன் மைக்கை இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பவராக அவரை உங்களுக்குத் தெரியும். பத்து பாகாட் ஊரில் ரேடியோ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தானே ஆம்ப்ளிஃபையர் செய்வார். செய்ததோடு விடமாட்டார், சில மாதத்துக்கு ஒருமுறை கெப்பாசிட்டரை மாற்றுவார், டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்குவார். பிறகு பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் கோயில் மண்டபத்துக்குத் தூக்கி வந்து, இருப்பவர்களைப் பிடித்து உட்காரவைத்துப் பாட்டுப் போடுவார். எல்லாரும் புதுசுதான் நல்லாருக்கு என்பார்கள்.

“புதுசுன்னு சொல்லிட்டுப் போட்டா புதுசுதான் நல்லாருக்கும். அலமாக், என் காதே என்கிட்ட லஞ்சம் வாங்குது லா” என்பார்.

நானும் செய்பவள். யாரும் சொல்லித்தரவில்லை. வீடியோ பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு கற்றேன். சாமான் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நான் நம்புவதில்லை. ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து, வீட்டுக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைப்பேன். ஒருமுறை ஆம்ப்ளிஃபையருக்குள் வைக்க அவர் வாங்கியிருந்த டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்ததுமே போலி என்றேன். அவர் வாதாடவில்லை. இரும்பறுக்கும் வாளால் அதன் மூடியை அறுத்துத் திறந்தார். உள்ளே மிளகளவு இருக்க வேண்டிய சில்லு கடுகளவு இருந்தது.

“நல்லவேள, நீ போலீசுல சேரல” என்று சிரித்தார்.

அப்படிப்பட்ட என் சந்தேகம் அவர் மேலும் விழுந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் கோயில் ஆம்ப் இரைய ஆரம்பித்தது. அண்ணன் செய்ததையும் நான் செய்ததையும் கேட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றார் ஃபாதர். என் கணவர் இறந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. மண்டபத்தில் ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினார்கள். பாடகர் குழுவினர் முன்னால் உட்கார்ந்தார்கள். திரைக்குப் பின்னால் நின்று அண்ணனே பெட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டார். எது யாருடையது என்று தெரியாமலே கை தூக்கினார்கள். என் பெட்டிக்குத்தான் அதிகக் கைகள்.

நான் திரையின் ஓரத்தில் இருந்தேன். பாட்டுப் போடுவதற்கு முன் அவர் தன் பெட்டியின் வால்யூம் குமிழைக் கீழே திருப்பியதைப் பார்த்தேன். ஒரே பெட்டியைக்கூடச் சத்தத்தை ஒரு நூல் குறைத்து மறுபடி போட்டால், கேட்பவர் தெளிவு குறைந்துவிட்டது என்பார். இது அவருக்குத் தெரியாததில்லை. எல்லாரும் தேநீருக்குப் போனதும் குமிழ் நின்ற இடங்களைக் கடிகார முள்ளைப்போல் கணக்கிட்டு நோட்டில் எழுதினேன்: “என் பெட்டி பன்னிரண்டு. அவர் பெட்டி பதினொன்றரையில் இருந்தது, பத்தரைக்குத் திருப்பினார்.”

வாசலில் அவரை நிறுத்திக் கேட்டேன்.

“அண்ணே, உங்க பெட்டிக்குச் சத்தத்தக் கொறச்சீங்களா?”

“கொறச்சேன்.”

“ஏன், நான் பாவம்னா?”

“உன்ன எதுக்கு நான் பாவம் பாக்கணும்? என் பெட்டி கொஞ்சம் அதிகமா கத்தும் லா. நேத்தே மீட்டர் வச்சு ரெண்டும் சமமா வர்ற எடத்தப் பாத்துவச்சேன். வீட்டுக்கு வா, காட்றேன்.”

நான் போகவில்லை. அவர் வீட்டில் அவர் மீட்டரை எப்படி நம்புவது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். விதவை என்று விட்டுக்கொடுத்த வெற்றியாக இருந்துவிட்டால், அந்தப் பெட்டியைக் கோயிலில் வைத்துக்கொண்டு எப்படிப் பூசை காண்பேன்? அதன்பின் ஞாயிறுதோறும் பாட்டைவிட என் பெட்டியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் இதைச் சொன்னதில்லை. சந்தேகப்படுவதைப் பாவம் என்று நான் நினைத்ததில்லை.

அடக்கம் முடிந்த வாரம் அண்ணியிடம் கேட்டு அவர் பெட்டியைக் கோயிலுக்கு எடுத்துவந்தேன். “அன்னிக்கு மண்டபத்துல போட்டுப் பாத்ததுக்கப்புறம் அதத் தொறக்கவே இல்ல. ‘லூர்து வந்து பாக்கட்டும்’னு வச்சிருந்தாரு” என்றார் அண்ணி.

கைப்பேசியிலிருந்து ஒரே சுருதியில் நிற்கும் ஒலியை இரண்டு பெட்டிக்கும் கொடுத்தேன். நோட்டைப் பிரித்து, என் குமிழைப் பன்னிரண்டில் வைத்தேன், அவருடையதைப் பத்தரையில். ஸ்பீக்கர் கம்பிகளில் என் மீட்டரை வைத்தேன். இரண்டும் ஒரே அளவு. பதினொன்றரைக்குத் திருப்பினேன், அவருடையது ஏறியது. நம்பாமல் நான்கு முறை அளந்தேன். அவரைக் குற்றம் சாட்ட நான் எழுதிவைத்த வரிதான் அவருக்குச் சாட்சியாக நின்றது.

அதற்குக் கீழே அன்றைய அளவுகளை எழுதி, “அண்ணன் சொன்னது சரி” என்று சேர்த்தேன். அவர் சொன்னபோதே நம்பியிருக்க வேண்டியதை மீட்டரிடம் கேட்டுக்கொண்டேன். அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் முதலில் அதைத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மைக்கைத் தட்ட ஆள் இல்லை. நான் போய் இரண்டு தட்டு தட்டினேன். என் பெட்டி நன்றாகப் பாடியது. நன்றாகத்தான் பாடியது என்று நினைக்கிறேன்; ஆனால் அது நான் செய்த பெட்டி, கேட்டது என் காது. அந்தக் காதை முழுவதும் நம்பாமலிருக்கும் பழக்கத்தை அண்ணனிடமிருந்து எடுத்துவைத்துக்கொண்டேன்.