அளவு நோட்டில் அக்காவின் பக்கம்

ஆறு வாரமாக அக்கா தன் நாக்குப் புண்ணை அளந்துகொண்டிருந்தாள். இடது ஓரத்தில் நூலை வைத்துப் பிடித்து, பிறகு அதை டேப்பில் வைத்துப் பார்ப்பாள். வாடிக்கையாளர் அளவு நோட்டில் தனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். ஆறு மில்லிமீட்டர். அடுத்த வாரமும் ஆறு. அதற்கடுத்தும் ஆறு.

"வளரலையேடி! வாயில குண்டூசி வெச்சுக்கிறவளுக்குப் புண்ணு வராம வேற என்ன வரும்?" என்பாள்.

எங்கள் தையல் கடையில் வெட்டித் தைப்பது அவள். பட்டன் கட்டி இஸ்திரி போடுவது நான். தண்ணீர் குடிக்கவே அவள் முகம் சுளித்த அன்று தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

டாக்டரம்மா அளந்தார். பதினொன்று.

எனக்கு வந்த கோபம்! பெரிய இடுப்புக்காரிகள் மனம் நோகக் கூடாதென்று நோட்டில் இரண்டு அங்குலம் குறைத்து எழுதிவிட்டு, துணியை மட்டும் சரியாக வெட்டுகிறவள் அவள். அதே சலுகையைப் புண்ணுக்கும் கொடுத்திருக்கிறாள்.

"புகையிலை போடுவீங்களா?"

"தொட்டதே இல்ல."

"மாதவிலக்கு எப்ப நின்னுச்சு?"

"வாயைக் காட்ட வந்தா அது எதுக்கும்மா? நாப்பத்தெட்டுல நின்னுச்சு."

"முப்பத்தெட்டு," என்றேன். "கர்ப்பப்பையோட சேர்த்து ரெண்டு சூலகத்தையும் எடுத்தாச்சு." அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

"சூலகம் போனா ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் சட்டுனு குறைஞ்சிடும்," என்றார் டாக்டரம்மா. "அதுக்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் சம்பந்தம் இருக்கலாமோன்னு ஆராய்ச்சி நடக்குது. இன்னும் உறுதியா ஒண்ணும் தெரியல. அதனாலதான்னு நீங்களா முடிவு பண்ணிக்காதீங்க. முதல்ல இது புற்றுநோயான்னு பாக்கணும்."

சிறு சதைத்துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வெள்ளிக்கிழமை தெரியும்.

முடிவு பண்ணிக்காதே என்றால் மனம் கேட்கிறதா? பதினான்கு வருடத்துக்கு முன் அந்த ஆபரேஷனின்போது, ஒரு சூலகத்தையாவது விட்டுவைக்கலாமா என்று கேட்டார்கள். "எல்லாத்தையும் எடுத்துடுங்க, பின்னால தொல்லை வேணாம்" என்று கையெழுத்துப் போட்டது நான்.

கடைக்குத் திரும்பியதும் உடைந்துபோய் அதைச் சொல்லிவிட்டேன். அக்காவின் வாயில் பஞ்சு. பேச முடியாததால் நோட்டை இழுத்து எழுதினாள்: "வலி தாங்காம எடுக்கச் சொன்னது நான். உனக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேலை?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு. அவள் தன் பக்கத்தைத் திருப்பினாள். ஆறுகளையெல்லாம் அடித்துவிட்டு, கீழே பதினொன்று என்று எழுதினாள். அதற்கும் கீழே, "இனிமே நீ அளந்து எழுது. நான் குறைச்சிடுவேன்."

நூலை என் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.