ஏழாவது தட்டில் நின்ற கரகம்

பேட்டி எடுப்பவளுக்கு இந்த உலகத்திலேயே கொடுமையான பதில் "தெரியலலா, அப்படியே வந்துச்சு" என்பதுதான். உங்களில் யாராவது ஓர் இசைக்காரர் முன்னால் மைக்கை நீட்டி, "இதை எப்படி உருவாக்கினீங்க?" என்று கேட்டிருந்தால் என் பாடு புரியும். கேட்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

நான் மலேசியாவில் ஈப்போக்காரி, பேச்சுக்கு வாலாக ஒரு 'லா' போடுகிற ஊர்; பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. எதையாவது புதிதாகச் செய்து பார்க்கும் இசைக்காரர்களோடு தமிழில் நீளமாகப் பேசி, இணையத்தில் ஒலிப்பதிவாகப் போடுகிறேன். சினிமாப் பாட்டை மேடையில் அச்சு அசலாகப் பாடுகிறவர்களை நான் தேடிப் போவதில்லை. அவர்களைப் பற்றிப் பேச ஊரே இருக்கிறது. எனக்கு வாய் சும்மா இருக்காது என்று வீட்டில் குறைப்படுவார்கள். சும்மா இருக்கிற வாயை வைத்துக்கொண்டு யார் பேட்டி எடுப்பது?

பல் தேய்ந்த சக்கரம்

கோகிலா அக்கா ஓர் உருமி மேளக் குழுவின் தலைவி. மற்ற நாள்களில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஈப்போவில் ஒரு டயர் கடையின் மாடியில் குழுவோடு பயிற்சி செய்வார். அவர் ஒரு புதுத் தாளம் அமைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆறு தட்டு அடிப்பார்கள். ஏழாவதில் உருமி, தப்பு, ஜால்ரா எல்லாமே கையைத் தூக்கிவிடும். வெறும் மௌனம். மறுபடி ஆறு. கேட்கக் கேட்க உட்கார முடியாது. மாடிப்படியில் ஒரு படி இல்லாத மாதிரி உள்ளங்கால் பதறும். அதைச் சுங்காய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவில், கரக ஊர்வலத்தில் அடிக்கப்போவதாகச் சொன்னார். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு மாறி, ஆள்கள் டவுனுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. ஆனாலும் திருவிழாவுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். அக்கா குழுவுக்கு ஆண்டு தவறாமல் கிடைக்கும் ஊர்வலம் அது ஒன்றுதான்.

எப்படி வந்தது என்று கேட்டேன். அப்படியே வந்துச்சு என்றார். எங்கிருந்து வந்தது, பஸ் ஏறி வந்ததா என்று நான் விடவில்லை. ரொம்ப நேரம் மல்லுக்கட்டிய பிறகு சொன்னார்: கையுறை அச்சுகளை இழுத்துப் போகும் சங்கிலியில் ஒரு சின்னச் சக்கரம். அதில் ஒரு பல் தேய்ந்துவிட்டது. ஆறு முறை தட்டும், ஏழாவதில் சத்தம் வராது. ஷிப்டு முழுக்க அதைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் வெங்காயம் நறுக்கும்போதும் கை அப்படியே நிற்கிறதாம். கொள்ளுப்பாட்டன் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டினோம், இன்றைக்கும் அதே பாலில் கையுறை முக்குகிறோம், அந்த வரலாற்றின் நொண்டல்தான் உங்கள் தாளம் என்று ஒரே மூச்சில் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அத நீ எழுதிக்க தங்கச்சி. மெஷின் ரிப்பேருக்கு ஆள் வராததாலதான் இந்தத் தாளம். வந்திருந்தா இதுவும் இல்ல."

சாமி வந்த டயர் கடை

குழுவில் மின்சாதனம் எல்லாம் சேவியர் அண்ணன் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பார், மற்ற நாளில் ஏர்கான் ரிப்பேர். அன்றைக்கு லூப் பெடல் ஒன்று கொண்டுவந்திருந்தார். நாம் அடித்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு, காலால் அமுக்கி நிறுத்தும் வரை திருப்பித் திருப்பி அடிக்கும் கருவி அது. சோதித்துப் பார்க்க, அக்கா பழைய அடியை, சாமி அழைக்கிற அடியை, கொஞ்சம் அடித்துக் கொடுத்தார். பெடல் அதைப் பிடித்துக்கொண்டது. அது பாட்டுக்கு ஓட, இயந்திரம் அடித்தால் அது இசையா இல்லையா என்று நாங்கள் மூவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இசைதான் என்பது என் கட்சி.

கீழே டயர் மாற்ற வந்திருந்த ஒருவர், ஏதோ வேண்டுதலுக்கு விரதம் இருந்தவராம், அடுக்கிய டயர்களுக்கு நடுவில் அருள் வந்து ஆடத் தொடங்கிவிட்டார். சத்தம் கேட்டுச் சேவியர் அண்ணன் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். அதுதான் தப்பு. அருள் வந்தவரின் காலைப் பார்த்துப் பார்த்து அடியைக் குறைத்து மெதுவாக இறக்கணும், பட்டென்று நிறுத்தக்கூடாது. அந்த மனிதர் ஒரு கால் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். கோகிலா அக்கா படியிறங்கி ஓடி, கையில் கிடைத்த டயர் ரிம்மில் விரலால் தட்டித் தட்டி அவரை மலையேற்றிவிட்டார். மேலே வந்து, இனி அழைப்பு அடி மட்டும் பெடலில் ஏறக்கூடாது, அதுக்குக் கண்ணு கிடையாது என்றார். அப்படியென்றால் இயந்திரத்தாலும் சாமியை அழைக்க முடியும் என்றுதானே அர்த்தம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், டயர் கடைச் சீன முதலாளி வாசலில் வந்து நின்றார். தமிழர்களோடு பழகிப் பழகித் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அக்கா, உங்க சாமி வரட்டும், நான் ஒன்னும் சொல்லல. டயர் மாட்டுன பிறகு வரச் சொல்லுலா."

கேட்கக்கூடாத கேள்வி

பேட்டி எடுப்பவர்கள் எல்லாரும் ஒரு நாள் செய்கிற அசட்டுத்தனத்தை நானும் செய்தேன். கிறிஸ்தவரான நீங்கள் கரக ஊர்வலத்துக்கு வேலை செய்வதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று சேவியர் அண்ணனிடம் கேட்டேன். மைக்கில் கேட்கும்போது ரொம்ப ஆழமாக இருந்தது. அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"ஏர்கான் செய்யப் போறப்ப நீ எந்தச் சாமின்னு எவனும் கேக்கறதில்லமா. குளுந்தா சரிம்பான்."

தலைவர் பார்த்த பக்கம்

கோயில் தலைவரைக் கேட்காமல் புதுத் தாளம் அடிக்க முடியாது. மூவரும் சுங்காய் போனோம். தலைவர் நல்ல மனிதர்தான், மைலோ கலக்கிக் கொடுத்தார். ஆனால் பேசும்போதெல்லாம் சேவியர் அண்ணன் முகத்தைப் பார்த்தே பேசினார். கேள்வி கேட்பது அக்கா, பதில் போவது அண்ணனுக்கு. குழுத்தலைவி இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நான் சுட்டிக்காட்டினேன். தெரியும்மா என்று அண்ணனைப் பார்த்தே சொன்னார்.

அவர் பயமெல்லாம் ஒன்றுதான். கரகம் தூக்குகிறவருக்கு அருள் வந்து, கோயில் வாசல் வரை ஆடி வந்தால்தான் சனங்களுக்குத் திருப்தி. தாளம் மாறி சாமி வராமல் போனால்? பழைய அடியும் ஒரு காலத்தில் எவரோ புதிதாக அடித்ததுதானே, அன்றைக்குச் சாமி மாட்டேன் என்றதா என்று நான் வாதாடினேன். அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். கடைசியில் ஒரு சமரசம். ஆற்றங்கரையிலிருந்து, ரப்பர் பாலை நிறுத்துச் சேர்த்து வைத்த பழைய பால் ஸ்டோர் வரை வழக்கமான அடி, அங்கிருந்து கோயில் வரை புது அடி. சரியாக வந்தால் குழு தொடரலாம். வராவிட்டால் அடுத்த ஆண்டு வேறு மேளம். ஒரு தாளத்துக்காக ஒரு குழுவின் பிழைப்பையே பணயம் வைப்பதா என்று நான் கொதித்தபோது, தலைவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"நீ பேசுறது எல்லாம் சரிதாம்மா. சாமி வரலன்னா சனங்க உன் வீட்டுக்கு வர மாட்டாங்க, என் வீட்டுக்குத்தான் வருவாங்க."

ஒத்திகைக்கு வராத ஆள்

கரகம் தூக்குபவர் சன்னாசி அண்ணன். செமோரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது: அவரை ஒரு நாள் டயர் கடை மாடிக்குக் கூட்டி வந்து புதுத் தாளத்தைக் கேட்க வைத்துவிட்டால் என்ன? எல்லா நடனக் குழுவும் அப்படித்தானே செய்கிறது. அக்கா வாயைப் பிளந்தார். காப்புக் கட்டி விரதம் தொடங்கிவிட்டால் ஊர்வல நாள் வரை கரகக்காரர் மேளம் கேட்கமாட்டார், மேளக்காரர்களும் அவரிடம் அடியைப் பற்றிப் பேசமாட்டார்கள். அந்தத் தோட்டத்து வழக்கம் அது. முன்கூட்டியே பேசி வைத்தால் ஆடுவது சாமியா, சன்னாசியா என்று கேள்வி வந்துவிடுமாம்.

இது அநியாயம் என்றேன். ஆடப்போகிறவர் ஒருவர், அவருக்கு மட்டும் எதுவும் தெரியக்கூடாதா? நானே செமோருக்குப் போனேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். தாளம் என்ற சொல்லை எடுத்ததுமே கையை உயர்த்தித் தடுத்துவிட்டு, தண்ணீர்க் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டார். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார்:

"சாமிக்கு ஒத்திகை கிடையாதுலா தங்கச்சி. வீட்டுக்குப் போ."

பால் ஸ்டோரிலிருந்து கோயில் வரை

திருவிழா அன்று நல்ல வெயில். ஆற்றங்கரையில் பழைய அடி தொடங்கியதுமே சன்னாசி அண்ணனுக்கு அருள் வந்துவிட்டது. தலையில் கரகம் அசையாமல் நிற்க, கால் இரண்டும் மண்ணைக் கிளப்பின. பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பால் ஸ்டோர் வந்தது. அது இப்போது கூரையில்லாத வெறும் சுவர். கோகிலா அக்கா வளைகுச்சியால் உருமியின் தோலை ஒரு நீள இழுப்பு இழுத்துப் புது அடிக்கு மாறினார்.

ஆறு தட்டு. ஏழாவதில் மௌனம். சன்னாசி அண்ணனின் கால் தயங்கியது. மறுபடி ஆறு. இந்த முறை அவர் நின்றேவிட்டார். கண் திறந்திருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். கரகம் விழுந்துவிடும் என்று நான் இரண்டடி முன்னால் பாய்ந்தேன். விழவில்லை. பிறகு நடக்க ஆரம்பித்தார். ஆட்டமில்லை, வெறும் நடை. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவர் மாதிரி. ஒவ்வொரு ஏழாவது இடத்திலும் மட்டும் ஒரு கணம் நிற்பார். தலைவர் ஓடி வந்து கையை ஆட்டினார், பழைய அடிக்கு மாறச் சொல்லி. பயத்தில் ஜால்ராக்காரப் பெண்ணின் கை தானாகப் பழையதுக்கு நழுவியது. அக்கா ஒரு முறை முறைத்ததும் திரும்பி வந்தது. அக்கா மாறவில்லை. கோயில் வரைக்கும் அப்படியே போனோம். ஒருவரும் ஆடவில்லை, ஒருவரும் குலவை இடவில்லை. எனக்கு அந்த ஊர்வலம் பிடித்திருந்தது என்று சொன்னால் அடிக்க வருவார்கள் போலிருந்தது. கரகத்தை இறக்கி வைத்ததும் தலைவர் வந்தார். இந்தத் தடவை கோகிலா அக்காவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

"அடுத்த வருஷம் வேற மேளம் சொல்லிக்கிறோம்மா. தப்பா எடுத்துக்காத."

அன்னதானப் பந்தியில்

சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. சன்னாசி அண்ணன் மஞ்சள் ஈரம் காயாத வேட்டியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் இலையில் விரலால் ஆறு முறை தட்டினார். நிறுத்தினார். இந்த இடத்தில் ஏன் நிக்கிறீங்க என்று கேட்டார். ஆடத்தான் வந்தாராம், அடுத்தது என்ன வருமென்று பார்த்துப் பார்த்தே கோயில் வந்துவிட்டதாம்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். எத்தனை விதமாகக் கேட்டும் சக்கரம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கொடுக்காத கோகிலா அக்கா, ரசம் வந்து மோர் வந்து பந்தி எழும்புகிற வரை பேசினார். மெஷின் அந்த இடத்தைக் காட்டியது மட்டும்தானாம். ஏன் அதைக் காலியாகவே விட்டார் என்பது வேறு கதையாம். எல்லா மேளமும் ஆடுகிறவரைத் துரத்துகிறது, மூச்சுவிட இடம் கொடுப்பதில்லை. ஒரே ஒரு தட்டையாவது அவருக்கென்று விட்டு வைக்க வேண்டும் என்று நினைத்தாராம். மைக்கை வெளியே எடுக்க எனக்குக் கை வரவில்லை. "அது எங்க அடி இல்லண்ணே, உங்க அடி. அங்க நீங்க கால வெக்கணும்" என்று அக்கா முடித்தார். சன்னாசி அண்ணன் இலையை மடித்தார்.

"முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெச்சிருப்பேன்லா."

திரும்பும் வழியில், காரில், ஒரு மனிதராவது அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாரே, ஒரு கலைஞருக்கு அது போதாதா என்று அக்காவிடம் கேட்டேன். சேவியர் அண்ணன் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அக்கா ஜன்னலுக்கு வெளியே ஓடும் செம்பனையைப் பார்த்தபடி, மடியில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்:

"போதாது. எனக்குத் திருவிழாவும் வேணும்."

ஆக, சாமியையே நிறுத்திக் கேட்க வைத்த தாளத்துக்கு ஊரில் வேலை போய்விட்டது. அதைப் பற்றிக் கேள்வி மட்டும் கேட்ட எனக்கோ, அடுத்த பேட்டிக்கு ஆள் கிடைத்துவிட்டது: சன்னாசி அண்ணன்.