ஜைனப் லாத்தாவும் தொடாத தட்டும்

"அக்கா, உம்மா மவுத்தாயிட்டாங்க" என்று ஜைனப் லாத்தாவின் மகன் போனில் சொன்னபோது, நான் தூத்துக்குடி ஆய்வகத்தில் கையுறை போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்பார்த்த சாவுச் செய்திதான். இருந்தும் ஒரு கையில் மட்டும் மாட்டியபடி அப்படியே கிளம்பிவிட்டேன். காயல்பட்டினத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்த ஒற்றைக் கையுறையைக் கழற்றத் தோன்றவில்லை.

அக்கா என்ற பொருளில் நாங்கள் லாத்தா என்றே அழைத்த அவர் எங்கள் ஆய்வகத் தொழில்நுட்பர். பிரசவ வார்டுகளில் அனுமதி கேட்டுத் தொப்புள்கொடிகளை வாங்கி வருவார். அவற்றின் இரத்தக்குழாய் உட்சுவரிலிருந்து செல்களைப் பிரித்துத் தட்டுகளில் வளர்ப்போம். துறைமுகத்தில் லாரி ஓட்டும் ஒரு தகப்பன், "இத வச்சு என்னம்மா செய்விய?" என்று மிரண்டபோது லாத்தா சொன்ன பதிலை, இங்கே அவரை நினைத்துக் கூடியிருக்கும் உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

"குழாய்க்குள்ள வரிசையா இந்தச் செல்லுதான் தம்பி உக்காந்திருக்கு. எங்கனயாவது புண்ணு, கிருமின்னா அதுக்குச் சேதி வந்துரும். மூடிக்கெடக்குற ஜீனு உடனே தொறக்கும். ரத்தத்துல ஓடுற வெள்ளையணுவைப் பிடிச்சு நிறுத்தக் கொக்கி நீட்டும். அது எப்பிடின்னுதான் பாக்கோம்."

அழற்சிச் சேதியைக் கலந்த தட்டு, ஜீன் திறந்ததற்கு அடையாளமாகப் பச்சையாக ஒளிர வேண்டும். எதுவும் கலக்காத தட்டு இருட்டாகக் கிடக்க வேண்டும். அதற்குத் தொடாத தட்டு என்று பெயர். என் பணி நீட்டிப்புக்கு முடிவைக் காட்ட வேண்டிய வாரத்தில் தொடாத தட்டும் ஒளிர்ந்தது. திரும்பச் செய்தேன், திரும்பவும் ஒளிர்ந்தது.  தொடாத தட்டின் படத்தை மட்டும் விட்டுவிட்டு அறிக்கை தயாரித்தேன். இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

லாத்தா பார்த்துவிட்டார். "ஏளா, தொடாததே பதறுதுன்னா நாம எதையோ தொட்டிருக்கோம். அது என்னன்னு தெரியாம எம்பேரை இதுல போடாத" என்றார்.

"என் வேலை போயிருமே லாத்தா!"

"போவட்டும்னா சொல்லுதேன்? தேடுவோம்ங்கேன்."

அறிக்கையை நிறுத்தினேன். வேலையும் போனது. கோபத்தில் ஐந்து மாதம் அவரோடு பேசவில்லை. அவர் தனியாகத் தேடியிருக்கிறார். குற்றவாளி, செல்களுக்கு ஊட்டக் கரைசல் கலக்க நாங்கள் எடுத்த தண்ணீர்க் கேன். கொதிக்க வைத்தாலும் போகாத, செத்த கிருமிகளின் மிச்சம் அதில் இருந்திருக்கிறது. செல்களுக்கு அதுவே அபாயச் சேதியாகிவிட்டது. கேனை மாற்றிச் செய்து பார்த்துவிட்டு அவரே அழைத்தார்: "ஒண்ணுமே தெரியல, ஏளா! கும்மிருட்டு!" அப்படிச் சந்தோஷப்பட்டு அவரை நான் பார்த்ததே இல்லை. அந்த இருட்டைக் காட்டித்தான் என்னைத் திரும்ப எடுத்தார்கள்.

போன வாரம் அவருக்குச் சிறுநீரகக் கிருமித்தொற்று இரத்தத்தில் பரவியது. மருத்துவர் "நாளைக்குப் பாக்கலாம்" என்று போய்விட்டார். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது, கை கால் வீங்கியிருந்தது. உடம்பு முழுக்க எல்லாக் குழாய்களிலும் ஒரே நேரத்தில் அந்த ஜீன்கள் திறந்து, சுவர்கள் கசிகின்றன என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டாக்டர் மழுப்புதாரு. நீ சொல்லு. மவனைத் துபாய்லருந்து வரச்சொல்லணுமா?"

சரியாகிவிடும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவர்கள் வழக்கத்தில் அடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். தாமதித்தால் அவன் மண்ணைத்தான் பார்ப்பான்.

"வரச்சொல்லுங்க லாத்தா. இன்னைக்கே."

அவர் கண்ணை மூடித் தலையசைத்தார்.

பயம் என்னைவிட்டுப் போகவில்லை, போகவும் போகாது. பயந்துகொண்டே உள்ளதைச் சொல்லிவிடுவது மட்டும் லாத்தாவிடமிருந்து என்னிடம் தங்கியிருக்கிறது. மறுநாள் மாலை மகன் பெட்டியோடு நேரே வார்டுக்கு வந்தான். "சாப்பிட்டியா வாப்பா?" என்று லாத்தா அவனைக் கேட்டது, கதவுக்கு வெளியே நின்ற என் காதிலும் விழுந்தது.